மாற்று மருந்து

துப்பாக்கித் தோட்டாவுக்குள் போடும் பொடிக்குத் தமிழில் மருந்து என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். மருந்து என்று சொல்லிவிட்டதால் ஆளாளுக்கு வைத்தியராகிவிடுகிறார்கள். இது இல்லையா, அதைப் போடு. அது காட்டமா, இதைக் கொஞ்சம் சேர். தலைவலி மாத்திரைக்கே இப்படி யோசனை சொல்லக்கூடாது. இவர்கள் வெடிக்கிற பொருளுக்குச் சொல்கிறார்கள்.

என் மனைவி பல் டாக்டர். அடையாறில் கிளினிக் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் சுடுவாள். நகரத்துக்கு வெளியே இருக்கும் ரேஞ்சில், காகித அட்டையைக் குறி பார்த்து மட்டும். மானையும் பன்றியையும் அல்ல. லைசென்ஸ் இருக்கிறது, தோட்டா நிரப்பிக்கொள்ள அனுமதி இருக்கிறது. இதற்கே முகம் சுளிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

அவளுடைய துப்பாக்கி பெரிய துளை கொண்டது. குழாயின் வாயில் சுண்டுவிரலை விடலாம். அந்த அளவுத் தோட்டா கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதில்லை. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து நாங்களே மறுபடி நிரப்புகிறோம். அடியில், மருந்துக்குப் பொறி வைத்துச் செத்துப்போன கேப்பைத் தட்டிவிட்டுப் புது கேப் வைப்பது, மருந்தை நிறுத்துப் போடுவது, மேலே குண்டைப் பொருத்துவது. இது என் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். தராசு முன்னால் உட்கார எனக்குப் பொறுமை உண்டு. மனிதர்கள் முன்னால் உட்காரத்தான் கிடையாது.

சுடும்போது அவள் கன்னம் கட்டையின் மேல் படிந்திருக்கும். தோட்டா வெடிக்கும் அறைக்கும் அவளுடைய வலது கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண்தான். மருந்தில் தப்பு நடந்தால் போவது அந்தக் கண். இதைத் தவிர இந்தக் கதையில் எதுவும் எனக்கு முக்கியமில்லை.

நாங்கள் வருஷக்கணக்காகப் போட்டுவந்த மருந்து ஒருநாள் நின்றுவிட்டது. அண்ணா சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் கடைக்காரருக்குப் போன் செய்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ எடுத்தார்.

"அது வராது சார். கம்பெனிக்காரனே நிறுத்திட்டான். இன்னாத்துக்கு சும்மா சும்மா போன் அடிச்சிக்கினுகீற?"

"வேற என்ன இருக்கு?"

"ஒண்ணு கைல கீது. இன்னொண்ணு வரணும். எது வோணும்னு நீயே சொல்லு."

"எது தேவலாம்?"

"நான் விக்கிறவன் நைனா. சுடறவன் இல்ல. நாளைக்கு இன்னாவாவது ஆச்சுன்னா அந்தப் பாய் சொன்னாருன்னு எம்மேல திருப்புவே. நீ படிச்சுப் பார்த்து சொல்லு, நான் எடுத்து வைக்கிறேன்."

இந்தப் பிரச்சினையில் எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவர்தான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

மருந்து மாற்றுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. ஒன்று நிதானமாக எரியும், ஒன்று படக்கென்று எரியும். நிதானமாக எரிந்தால் குண்டைத் தள்ளும். படக்கென்று எரிந்தால் குண்டு நகர்வதற்குள்ளேயே அறைக்குள் அழுத்தம் ஏறிவிடும். எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து, எதில் தொடங்க வேண்டும், எதைத் தாண்டக்கூடாது என்று மருந்து தயாரிக்கிறவனே சோதித்து அச்சடித்துத் தருகிறான். அவன் நம் தோட்டாவைச் சோதிக்கவில்லை என்றால் அந்த மருந்தைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதில் புத்திசாலித்தனத்துக்கு இடமே இல்லை. எங்கள் ஊரில் புத்திசாலிகள் அதிகம், அதுதான் தொல்லை.

கடையில் கையிருப்பில் இருந்தது கடுகு மாதிரி உருண்டைப் பொடி. வேகமானது. எங்கள் தோட்டாவுக்கு அதன் கம்பெனிக்காரன் ஒரு வரிகூட எழுதவில்லை. வரவேண்டியது குச்சிப் பொடி, உடைத்த சேமியா மாதிரி இருக்கும். பழையதும் அப்படித்தான் இருந்தது. எங்கள் தோட்டாவுக்கு அதில் முறையான அளவு போட்டிருந்தான். பார்க்கப் பழையது மாதிரியே இருந்தாலும் பழைய அளவைப் போடக்கூடாது, கீழிருந்துதான் தொடங்க வேண்டும். நான் சேமியாவுக்குச் சொல்லி வைத்தேன். அது வருவதற்கு நாளாகும் என்றார் பாய். அதற்குள் ரேஞ்சில் ஒரு பந்தயம் வந்தது. அதற்காக என் மனைவி தினமும் காலையில் வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தாள். சுடத் தோட்டா இல்லை.

இப்போது என் ஷட்டகர் வருகிறார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். தி.நகரில் வீடு. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்துத்தான் அவரும் சுட ஆரம்பித்தார், எங்களைப் பார்த்துத்தான் அதே அளவு துப்பாக்கி வாங்கினார், வாங்கிய மறுநாளிலிருந்து எங்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் வீடு மயிலாப்பூரில் கடல் பக்கம் இருக்கிறது. பட்டினப்பாக்கத்து உப்புக் காற்றில் பித்தளைக் கூடு பச்சை பூத்துவிடும், மருந்து நமுத்துப்போகும். அதனால் சேர்ந்து வாங்கும் மருந்தை அவர் வீட்டில் வைப்பது வழக்கம். பழைய மருந்தில் மிச்சம் இருந்த கொஞ்சமும் அவரிடம்தான் இருந்தது. அங்கே விட்டுவைத்தது நான்தான். வேறு எங்கே வைப்பது?

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று தன் அபிப்பிராயம். இன்னொன்று தன் காபிப்பொடி. பொடி அரைக்கும் கடையில் போய் மெஷினுக்குப் பக்கத்திலேயே நிற்பார். பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று அரைக்கிறவன் உயிரை எடுப்பார். யார் வீட்டில் காபி குடித்தாலும் விகிதம் சொல்வார். சரியாகவே சொல்வார், அதுதான் எரிச்சல்.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை ஒரு வாய் குடித்தார்.

"சிக்கரி ஜாஸ்தி. எழுபது முப்பதா?"

"ஆமாம் அத்திம்பேர்," என்றாள் என் மனைவி.

"அதான் கசக்கறது. மாத்தும்மா. சரி, இந்தா. நாளைக்கு நீ வேடிக்கை பார்த்துண்டு நிக்க வேண்டாம்."

பெட்டியைத் திறந்தார். பளபளவென்று துடைத்த தோட்டாக்கள், வரிசையாக. அவள் முகம் மலர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அவளுக்கு அந்தப் பந்தயம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

"இதுல என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"பழசுதான்."

"பழசு அவ்வளவு இல்லையே. இத்தனை தோட்டாவுக்குக் காணாதே."

"இல்லப்பா, பாய் கடையில இருந்துதே, அந்த உருண்டை. அதுல ஒரு டப்பா வாங்கினேன்."

"அதுக்கு நம்ம தோட்டாவுக்கு அளவே கிடையாதே."

"தெரியும். நான் என்ன முட்டாளா? அது வேகம் ஜாஸ்தி. பழசு நிதானம். ரெண்டையும் கலந்துட்டேன். நடுவுல வந்துடும்."

எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் உடனே புரியவில்லை. இப்படி ஒரு காரியத்தை ஒரு மனிதர் செய்வார் என்று என் மூளை ஒத்துக்கொள்ளவில்லை.

"கலந்துட்டீங்கன்னா?"

"கலந்துட்டேன்னா கலந்துட்டேன். ஒரு டப்பால கொட்டி, மூடி, நன்னா குலுக்கினேன். பழசு முக்காலுக்கு உருண்டை கால். காபிப்பொடி கலக்கறதில்லையா? பீபெரி காட்டம், பிளான்டேஷன் மணம், கலந்தா எடுப்பா வரல்லையா?"

சொல்லிவிட்டு மறுபடி காபியைக் குடித்தார்.

இதை வேறு ஊரில் ஒருவன் செய்திருக்கமாட்டான். மருந்து கலக்கக்கூடாது என்பது துப்பாக்கியைத் தொட்ட முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அவருக்கும் சொல்லித்தந்தார்கள், நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் நாற்பது வருஷம் அரவை மெஷின் பக்கத்தில் நின்று விகிதம் சொன்ன மனிதருக்கு, இரண்டு பொடியைக் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைக்கும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. வெடிமருந்து அப்படி நடந்துகொள்ளாது. வேகமானது முதலில் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் நிதானமானதும் தன் நிதானத்தை விட்டுவிடும். எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் சோதித்ததில்லை, சோதிக்கிற அளவுக்கு யாருக்கும் பைத்தியம் பிடித்ததில்லை.

"இதை யாரும் சுடக்கூடாது," என்றேன்.

"நானே சுட்டேனே! புதன்கிழமை மூணு போட்டுப் பார்த்தேன். கண்ணு இருக்கு, காது இருக்கு, உன் எதிர்ல உக்காந்துண்டு காபி குடிக்கறேன்."

"போல்ட் எப்படி வந்தது?"

துப்பாக்கியின் போல்ட் என்பது தாழ்ப்பாள் மாதிரி. சுட்டபின் பின்னால் இழுத்தால் காலிக் கூடு வெளியே வரும். அழுத்தம் எல்லை மீறினால் கூடு உப்பி அறையில் சிக்கிக்கொள்ளும், போல்ட் நகராது.

"மூணாவதுக்குக் கொஞ்சம் இறுக்கமா இருந்தது. எண்ணெய் போட்டேன். சரியாப்போச்சு."

எண்ணெய் போட்டாராம்.

நான் எழுந்து உள்ளே போய் தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் சுத்தியலை எடுத்து வந்தேன். ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை. தோட்டாவை அதற்குள் மாட்டி மரக்கட்டையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து வெளியே வரும். அவர் பெட்டியிலிருந்து கேட்காமலே ஒன்றை எடுத்தேன்.

"அதை ஏன் உடைக்கறே? பாடுபட்டுப் பண்ணிண்டு வந்திருக்கேன்."

குண்டு கழன்றதும் வெள்ளைத்தாளில் மருந்தை மெதுவாகக் கொட்டினேன். முதலில் விழுந்தது சேமியாத் துண்டு, அதில் அங்கங்கே கடுகு. போகப் போகக் கடுகு அதிகமானது. கடைசியில் விழுந்தது முழுக்கக் கடுகு. தி.நகரிலிருந்து மயிலாப்பூர் வரை ஸ்கூட்டர் டிக்கியில் குலுங்கி வந்திருக்கிறது. மிக்சர் பொட்டலத்தில் தூளெல்லாம் அடிக்குப் போகிற மாதிரி சின்னது எல்லாம் அடிக்கு இறங்கி, கேப்புக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. இன்னொன்றை உடைத்தேன். அதில் பாதிக்குமேல் கடுகு. ஒரே பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு விகிதம். அவர் பெருமைப்பட்ட முக்காலுக்குக் கால்கூட எதிலும் இல்லை.

"பார்த்தீங்களா?"

"நாளைக்குச் சுடறச்சே நிமிர்த்திக் குலுக்கிப் போட்டா ஆச்சு," என்றார்.

அப்போதுதான் எனக்கு நிதானம் போனது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு 'நீ' என்றேன்.

"உனக்கு மண்டையில மூளை இருக்கா? இவ மூஞ்சியை வச்சு சோதனை பண்ணவா வந்தே?"

"மரியாதை! மரியாதையாப் பேசு!"

"முதல்ல அந்தப் பெட்டியை வை கீழ."

அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். அறுபது வயது தாண்டிய மனிதர், பொம்மையை யாரோ பிடுங்க வந்த மாதிரி. நான் பிடித்து இழுத்தேன். காபி டபரா உருண்டது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மறுபடி அந்த நிலைமை வந்தாலும் இழுப்பேன்.

என் மனைவி தாளில் கிடந்த மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேரும் விடுங்கோ. அத்திம்பேர், ஒண்ணு கேக்கறேன். மூணாவது சுட்டேளே, அந்தக் கூடு எங்கே?"

"ஆத்துல இருக்கு. எதுக்கு?"

"கேப் எப்படி இருந்தது? ஓரம் உருண்டையா இருந்துதா, தட்டையா நசுங்கியிருந்துதா?"

அழுத்தம் மீறினால் கேப் தட்டையாக நசுங்கிப்போகும். அவர் குனிந்து, உருண்ட டபராவை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

"பல்லு போனா நான் கட்டித் தருவேன் அத்திம்பேர். கண்ணு போனா யார் கட்டுவா? எனக்கு இது வேண்டாம். நீங்களும் சுடாதேங்கோ."

"நீயும் இவன் பேச்சைக் கேட்டுண்டு ஆடறியா? உனக்காகப் பண்ணினேன் பாரு, என்னைச் சொல்லணும்." பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "நாளைக்கு நான் சுடறேன். வந்து பாருங்கோ," என்றார்.

அன்று மாலை அவளுடைய அக்கா போனில் அழுதாள். அவர் எவ்வளவு ஆசையாகச் செய்தார், அவரைப் போய் நீ என்று சொல்வதா, மன்னிப்புக் கேட்கச் சொல்லு. என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் சொன்னாள்: "அக்கா, மன்னிப்பு அப்புறம் பாக்கலாம். நாளைக்குக் காலம்பற அவர் துப்பாக்கிப் பெட்டிச் சாவியை ஒளிச்சு வை."

"நான் எப்படி அவர் சாவியை எடுப்பேன்?"

"அப்போ நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி இல்லாமல் ரேஞ்சுக்குப் போனோம். தோட்டா இல்லாதவர்கள் பந்தயத்தில் பெயரை அடித்துவிடவேண்டும், அவள் அடித்தாள். ஷட்டகர் எங்களைப் பார்க்காதது மாதிரி நின்றார். சுடும் வரிசைக்குப் போய், படுத்துச் சுடுவதற்கான மெத்தையை விரித்துப் பெட்டியைத் திறந்து வைத்தார். உண்மையிலேயே சுடத்தான் வந்திருந்தார். அதுவரைக்கும் வீம்புக்குச் சொல்கிறார் என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்பவர் ராணுவத்திலிருந்து வந்தவர். என் மனைவி நேராக அவரிடம் போனாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், ஆறாம் நம்பர்ல இருக்கிறது எங்க அக்கா வீட்டுக்காரர். அவர் தோட்டாவுல ரெண்டு மருந்து கலந்திருக்கு. எங்க வீட்டுல உடைச்சுப் பார்த்தோம். அவர் சுடக்கூடாது."

துப்பாக்கிகள் எல்லாம் நின்றன. ரேஞ்ச்காரர் ஆறாம் நம்பருக்கு நடந்தார்.

"சார், மேடம் சொல்றது நிஜமா?"

"அது குடும்ப விஷயம். அவ ஆத்துக்காரனுக்கும் எனக்கும் ஆகாது. அதான் இப்படிக் கிளப்பறா."

"கலந்தீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"கொஞ்சம் பிளெண்ட் பண்ணியிருக்கேன்."

பக்கத்து மெத்தையில் படுத்திருந்த இளந்தாரி ஒருவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். இன்னொருத்தன், "பிளெண்டா? மச்சி, இன்னாடா இது, பாட்டில் சரக்கா?" என்றான். யாரோ சிரித்தார்கள். ஷட்டகர் முகம் கறுத்தது.

"பெட்டியை மூடுங்க சார். இங்க கொடுங்க. இன்னைக்கு உங்களுக்கு இல்லை." ரேஞ்ச்காரர் குரலை உயர்த்தவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரை வைத்து எல்லாவற்றையும் உடைத்து அழித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. எதுவும் வெடிக்கவில்லை, யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அதனால் தப்பு எங்களுடையதாகிவிட்டது. உறவில் இப்போது பேச்சு என்னவென்றால், இவர்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய மனிதரை நாலு பேருக்கு நடுவில் அசிங்கப்படுத்தினார்கள். நான் நீ என்று சொன்னது எல்லாருக்கும் தெரியும். அவர் எதைக் கலந்தார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, சொன்னால் கேட்கவும் பொறுமை இல்லை. "என்ன ஆயிடுத்து இப்போ? ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். ஆகாமல் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்கள். அக்கா தங்கையோடு பேசுவதில்லை. என் மனைவி அவளுக்குப் போன் செய்வதை இன்னும் நிறுத்தவில்லை. மணி அடித்து அடித்து நிற்கும்.

சேமியா மருந்து ஒருவழியாக வந்தது. அச்சடித்ததில் இருக்கும் ஆகக் குறைந்த அளவில் தொடங்கினேன். ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொரு கேப்பையும் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த அளவுக்குப் போனோம். குறி சரியாக வர நாளானது. அவள் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

சமீபத்தில் அசோக் நகரில் ஒரு நிச்சயதார்த்தம். போயே ஆகவேண்டிய வீடு. பந்தியில் எங்களுக்கு நேர் எதிரே ஷட்டகரை உட்கார வைத்துவிட்டார்கள். என் பக்கம் திரும்பாமல், பக்கத்தில் இருந்தவரிடம் காபி விகிதம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி இலையைத் தாண்டிக் குனிந்து, "சௌக்கியமா அத்திம்பேர்?" என்றாள். அவர் நிமிர்ந்து அவளை முறைத்தார். நல்ல அகலமாக, இரண்டு கண்ணாலும்.

"பாயசம் இன்னொரு கரண்டி போட்டுக்கோங்கோ," என்றாள் அவள்.